ஆறு சோழி

மாமல்லபுரம்
8-1-2025

ஜெசிந்தா சிஸ்டருக்கு ஜான்சன் எழுதுவது,

நீங்கள் நலம்தானே? உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. என் திக்குவாயோடு போனில் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நான் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நீங்கள் அந்தப் பக்கம் பாவமே என்று காத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். பேனாவுக்குத் திக்காது.

செங்கல்பட்டில் உங்கள் அண்ணன் வீட்டில் வசதியாக இருக்கிறீர்களா? அண்ணன் ஜெபசிங் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இங்கே விடுதியில் ஐந்து அறையில் மூன்றுக்கு ஆள் இருக்கிறது. அலையில் சறுக்க வந்த பையன்கள். விடியற்காலையிலேயே பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறார்கள், திரும்பி வந்து படிக்கட்டெல்லாம் மணலாக்குகிறார்கள். பெருக்குவதற்காவது வேலை இருக்கிறதே என்று நானும் சும்மா இருக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் வழக்கம்போல மொட்டை மாடியில் மேசையைப் போட்டேன். ஆட்டோக்காரர் துரை வந்தார், நாவலூரிலிருந்து கலையரசன் பைக்கில் வந்தார். சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்க, சங்குக் கடையில் நாம் வாங்கிய சோழியை ஆளுக்கு நூறு எண்ணி வைத்தேன். பழக்கதோஷத்தில் நாலு குவியல் வைத்துவிட்டேன். துரை உங்கள் காலி நாற்காலியைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, சிஸ்டர் இல்லாங்காட்டி ஆட்டத்துல உப்பே இல்லாம கீது" என்றார். சீக்கிரமே கலைந்துவிட்டோம்.

எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் கடைசியாக வந்த ஞாயிறு, கடைசிக் கை. நடுவில் நாற்பது சோழி கிடந்தது. மேசையில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் விழுந்துவிட்டன, கடைசியாக விழுந்தது ராஜா. துரையும் கலையரசனும் முன்பே விலகிவிட்டார்கள். நீங்களும் நானும்தான் மிச்சம். எனக்கு ராஜா ஜோடி சேர்ந்திருந்தது. நான் ஆறு சோழி வைத்தேன். நாற்பதுக்கு ஆறு என்பது ஒன்றுமே இல்லை. யாராக இருந்தாலும் ஆறைப் போட்டுவிட்டு எதிராளியின் சீட்டைத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் உங்கள் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டீர்கள். மறுநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று சொன்னால் திருத்திக்கொள்வேன். முடிந்தால் ஒரு ஞாயிறு வந்து ஒரே ஒரு கை விளையாடிவிட்டுப் போங்கள். சிரமமாக இருந்தால் வேண்டாம்.

ஜான்சன்

*

செங்கல்பட்டு
17-1-2025

ஜான்சன் சாருக்கு,

கடிதம் வந்தது. பொங்கல் விடுமுறையில் தபால்காரரும் லீவு போட்டுவிட்டதால் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. அண்ணன்தான் வாங்கினார். "இந்தக் காலத்துல யார்டி உனக்கு லெட்டர் போடறது?" என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடுதிக் கணக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. 'சிஸ்டர்' என்று எழுதாதீர்கள். ஊசி போடும்போது நோயாளிகள் கூப்பிடுவது போதும். மூன்று வருடமாக ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், ஒரு நாளாவது என் பெயர் உங்கள் வாயில் வந்திருக்கிறதா?

தப்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கைக்குச் சீட்டுப் போட்ட உடனே நான் என்ன சொன்னேன் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சோழி எத்தனை, ராஜா எப்போது விழுந்தது, எல்லாம் இருக்கிறது. அது மட்டும் இல்லை. நானே ஞாபகப்படுத்துகிறேன். "அணுபுரம் ரோட்டு கிளினிக்கை மூடிட்டாங்க. மஸ்கட்டுல ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க, ரெண்டு வருஷம். போலாமான்னு பாக்கறேன்" என்றேன். துரை அண்ணன் "ஐயய்யோ, இன்னா சிஸ்டர் இப்டி சொல்லிட்ட" என்றார். கலையரசன் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். நீங்கள் சீட்டைப் பார்த்தீர்கள். சீட்டையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். கடைசியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும், சரி, இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "ஆறு" என்றீர்கள்.

என்னிடம் மூன்று ராணி இருந்தன, ஜான்சன் சார். மேசையில் ஒன்று, கையில் இரண்டு. உங்கள் ராஜா ஜோடியை அப்படியே வாரி எடுத்திருப்பேன். ஆனால் ஆறு சோழிக்கு என்னைப் பார்க்க நினைத்தவரிடம் என் சீட்டைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அதுதான் நடந்தது. வேறு கோபம் ஒன்றுமில்லை.

மஸ்கட்காரர்களுக்குச் சரி என்று எழுதிவிட்டேன். மெடிக்கல் அடுத்த வாரம்.

ஒரு ஞாயிறு, ஒரே ஒரு கை, அதுவும் சிரமமில்லை என்றால். பார்த்தீர்களா, மறுபடியும் ஆறு சோழிதான்.

ஜெசிந்தா

*

மாமல்லபுரம்
24-1-2025

ஜெசிந்தாவுக்கு,

எழுதிவிட்டேன். இந்தப் பெயரை வெறும் தாளில் நிறைய தடவை எழுதிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். 'ஜெ' எனக்கு வராது. மாடியில் நான் மட்டும் இருக்கும்போது சொல்லிப் பார்ப்பேன், அப்போது ஒழுங்காக வரும். நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'சிஸ்டர்' சுலபமாக வந்ததால் அதையே பிடித்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் என்ற அர்த்தத்தில் கூப்பிடவில்லை. அந்த அர்த்தத்தில் உங்களை நான் நினைத்ததும் இல்லை.

சின்ன வயதில் திருப்போரூர் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போவேன். 'தி' வராது. கண்டக்டர் விசிலை வாயில் கடித்துக்கொண்டு நிற்பார், பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் 'ஆலத்தூர்' என்று கேட்டேன், பளிச்சென்று வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிகிறவரை ஆலத்தூருக்குத்தான் டிக்கெட். அங்கே இறங்கி மிச்சத்தை நடப்பேன். போக வேண்டிய இடத்தைக் கேட்காமல், கேட்க முடிகிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது அப்போதே பழகிவிட்டது.

சீட்டிலும் அதையேதான் படித்தேன். ஊரடங்கில் ஊருக்குப் போக முடியாமல் நம் விடுதியில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம், தடையே கிடையாது, அதனால்தான் இது கஷ்டம் என்பார். வைப்பதற்கு முன்னால் எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறாய், அதை யோசி. கையில் ஒன்றும் இல்லை, அவர் விலகிப் போகவேண்டும் என்றால் பெரிதாக வை. நல்ல சீட்டு இருக்கிறது, அவர் கூடவே இருக்கவேண்டும் என்றால் அவரால் தாங்க முடிகிற அளவு வை. அவர் சொன்னது இவ்வளவுதான். எனக்கு இது வேதவாக்காகப் பட்டது.

மஸ்கட் என்று நீங்கள் சொன்னதும் சீட்டைப் பார்த்தேனே தவிர, அதில் என்ன இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பெரிதாக வைத்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்தேன். சின்னதாக வைத்தேன், எழுந்து போய்விட்டீர்கள்.

ராத்திரி கேட்டைப் பூட்டும்போது, பூட்டினால் யாரும் வரமாட்டார்கள், பூட்டாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை என்று தோன்றுகிறது. இப்படியெல்லாம் எனக்கு முன்பு தோன்றியதில்லை. விடுதி நடத்துகிறவனுக்கு ஆள் பஞ்சமே இல்லை, ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் போகிற தேதியைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள்.

நீங்கள் என்றைக்குப் புறப்படுகிறீர்கள்?

ஜான்சன்

*

செங்கல்பட்டு
6-2-2025

ஜான்சன் சாருக்கு,

ஆலத்தூர் வரைக்கும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படிக்க முடிந்தது. எங்கள் கிளினிக்கில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் போட்டு எனக்குக் கண்ணீர் எல்லாம் வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் பாதிப் பாடத்தைத்தான் படித்திருக்கிறீர்கள். நல்ல சீட்டு இருந்தும் ஒருவர் எப்போது பார்த்தாலும் சின்னதாகவே வைத்தால், அவரிடம் ஒன்றுமில்லை என்றுதானே எதிராளி முடிவு கட்டுவார்? கலையரசன் ஒரு ஞாயிறுக்கு ஒரு தடவையாவது 'ஆல்-இன்' என்று கத்தி முன்னால் இருக்கிற அத்தனை சோழியையும் தள்ளுவார். தோற்பார், பல்லைக் காட்டுவார், பைக்கை எடுத்துக்கொண்டு போவார். மூன்று வருடத்தில் நீங்கள் ஒரு தடவைகூட அப்படித் தள்ளி நான் பார்த்ததில்லை. நூறோடு உட்காருவீர்கள், தொண்ணூறோடோ நூற்றிப்பத்தோடோ எழுந்திருப்பீர்கள். நீங்கள் தோற்றதும் இல்லை, ஜெயித்ததும் இல்லை. அதை விளையாட்டு என்று சொல்லலாமா?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன் நல்லவர். அண்ணி போனபிறகு அவர் டிவியோடுதான் பேசுகிறார். வாஷிங் மெஷின் இருக்கிற அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார். சாப்பாடு ஆனதும் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு நானே சீட்டுப் போட்டுக்கொள்கிறேன். எனக்கு எதிராக நானே வைத்து, நானே விலகி. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா தினமும் வருவார்கள், "ஜெசி, பிரஷர் மட்டும் பாத்துடு" என்பார்கள். என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து பார்க்கிறேன், எல்லோரும் என்னிடம் கொஞ்சம்தான் கேட்கிறார்கள். பிரஷர் பார், ஒரு ஊசி போடு, கொஞ்சம் குழம்பு வை. பாவம், தனி மனுஷி, இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று நினைக்கிறார்கள் போல. கேட்டால் கொடுக்க என்னிடம் நிறைய இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மார்ச் இருபதாம் தேதி விமானம். இதற்கு மேல் நான் எழுதினால் நான் கேட்டதாக ஆகிவிடும். அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஜெசிந்தா

*

மாமல்லபுரம்
21-2-2025

அன்புள்ள ஜெசிந்தா,

ஆல்-இன்.

நீங்கள் எழுதியதை இரண்டு வாரமாகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். சங்குக் கடைக்காரர்கூட "இன்னா சார், நெஞ்சு வலியா, கைய அங்கயே வச்சிகினு கீறே" என்று கேட்டார். நேற்று முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மாதா கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியார் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக ஆபிரகாம் உபதேசியார் அலுவலகத்தில் இருந்தார். கணவரை இழந்தவர்கள் மறுபடி கல்யாணம் செய்வதற்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். கேள்வியை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யாரு, நம்ம ஜெசிந்தா சிஸ்டரா?" என்றார். தலையாட்டினேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தவக்காலம் வருவதற்குள் பூசையில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலையை ஆரம்பித்துவிடலாம், இந்த ஞாயிறே முதல் ஓலை வாசித்துவிடலாம், செங்கல்பட்டுப் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன், சான்றிதழெல்லாம் பிறகு வரட்டும், எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

'இல்லை, இன்னும் அவங்களைக் கேட்கலை' என்று சொல்லியிருக்கலாம். வாய் வராவிட்டால் கையால் தடுத்திருக்கலாம். தடுக்கத் தோன்றவில்லை. மறுபடியும் தலையாட்டினேன். வெளியே வந்து கடற்கரையில் நின்றேன். முன்னால் இருந்த அத்தனை சோழியையும் முதல் தடவையாகத் தள்ளிவிட்டேன், நல்லதோ கெட்டதோ இனி கையில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கலையரசன் ஏன் தோற்றாலும் சிரிக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மஸ்கட் போகாதீர்கள். என்னோடு இருங்கள். இதைத்தான் அன்றைக்குச் சொல்ல நினைத்தேன்.

உங்கள்
ஜான்சன்

*

செங்கல்பட்டு
25-2-2025

ஜான்சன் சார்,

உங்கள் கடிதம் இன்று வந்தது. ஓலை ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பூசை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூசை முடியும் நேரத்தில் அறிவிப்பு வாசித்தார்கள். தவக்காலக் காணிக்கை, பீடப் பூக்கள், அப்புறம், "முதல் ஓலை. மாமல்லபுரம் பங்கைச் சேர்ந்த ஜான்சன் என்பவருக்கும், நம் பங்கில் வசிக்கும் ஜெசிந்தா என்பவருக்கும்." நான் இன்னொரு ஜெசிந்தா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்பா பெயரையும் வாசித்தார்கள். இவர்களது திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் என் காதில், "இன்னாடி இது? யார்டி அந்த ஜான்சன்? விடுதிக் கணக்குன்னியே" என்றார். வீட்டுக்கு வந்ததும் திட்டித் தீர்த்தார், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஊரே வாழ்த்துச் சொல்லிவிட்டது, என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

ஆல்-இன் என்றால் தன் முன்னால் இருக்கிறதைத் தள்ளுவது. நீங்கள் என் முன்னால் இருந்ததையும் சேர்த்துத் தள்ளிவிட்டீர்கள். என் பெயர், என் அண்ணன் வீட்டில் எனக்கு இருந்த கொஞ்சம் மரியாதை, என் சரி, என் மாட்டேன், எல்லாம் உங்கள் குவியலோடு போய்விட்டது. இதைக் கலையரசன்கூடச் செய்யமாட்டார்.

அதுவும் எப்படி? கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். உபதேசியார் பெயர் எழுதினார். இங்கே ஒரு சாமியார் வாசித்தார். எனக்குத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் பேசியிருக்கிறார்கள், உங்களைத் தவிர. முழுசாக வைத்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள், சார். எதை இழக்க உங்களுக்கு உண்மையிலேயே பயமோ அதை மட்டும் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டீர்கள்.

நேற்றுச் சாமியாரைப் பார்த்து இரண்டாம் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தடை என்ன என்று கேட்டார். பெண்ணைக் கேட்கவில்லை என்றேன்.

ஜெசிந்தா

*

மாமல்லபுரம்
1-3-2025

ஜெசிந்தாவுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. ஆபிரகாம் உபதேசியாரிடம் போய் அவர்மேல் தப்பில்லை, நான்தான் கேட்காமல் தலையாட்டினேன் என்று சொல்லிவிட்டேன். வாயால்தான் சொன்னேன். வெகு நேரம் ஆயிற்று, அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை காலை உங்கள் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தால் திறக்காதீர்கள், நான் திரும்பிப் போய்விடுவேன்.

ஜான்சன்

*

மஸ்கட்
4-5-2025

அன்புள்ள ஜான்சன்,

வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்தேன். எழுதவில்லை. ஏன் எழுதவேண்டும்? நீங்கள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். இந்தக் கடிதத்தை லீவில் ஊருக்குப் போகிற ஹரிப்ரியா கையில் கொடுத்தனுப்புகிறேன். என்னோடு அறையில் இருக்கிற பெண். செங்கல்பட்டில் இறங்கியதும் தபாலில் போட்டுவிடுவாள்.

இங்கே வேலை நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரி, பஸ், குவார்ட்டர்ஸ், இதற்குள்தான் நடமாட்டம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரியும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறதாம், நான் இன்னும் பார்க்கவில்லை. மற்ற பெண்கள் ராத்திரியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு போனில் பிள்ளைகளோடு பேசுகிறார்கள். எனக்குப் பேச ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எதற்கு மறைக்க வேண்டும், உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்தது அண்ணன். "இன்னா சார் வோணும்?" என்று முறைப்பாகத்தான் கேட்டார். நீங்கள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் டிவியை அணைத்துவிட்டார். அவர் டிவியை அணைத்து நான் பார்த்ததே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். 'ஜெ'யில் நின்றுவிட்டீர்கள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துக்கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. நீங்களும் சுலபமான வார்த்தைக்கு ஓடவில்லை. என் பெயர் வந்தது. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா? மாட்டேன்னாலும் பரவாயில்ல, கேக்காம போயிடக் கூடாதுன்னு வந்தேன்" என்று கடைசி எழுத்து வரைக்கும் சொன்னீர்கள். உங்களிடம் இருந்தது அத்தனையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்தது.

அதற்கு நான் என்ன சொன்னேன்? "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

நீங்கள் டீயைக் குடித்தீர்கள். டம்ளரைக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். அண்ணனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பியதும் அண்ணன், "அந்த ஆளு அம்மாம் கஷ்டப்பட்டு கேக்கறாரு, நீ இன்னாடி டீ குடின்றே" என்று என்னைத் திட்டினார். ஓலை வாசித்த அன்றைக்குத் திட்டியதைவிட அதிகமாகத் திட்டினார்.

எல்லோரிடமும் டிக்கெட் வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சாக்குச் சொன்னேன். அது பொய். எனக்குப் பயம். ஆறு சோழி வைத்தவரைக் கேலி செய்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! முன்னால் ஒரு மனிதர் முழுசாக வைத்துவிட்டு நிற்கும்போது என் கை எழவில்லை. இங்கே வந்து படுக்கையில் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. மூன்று வருடமும் அந்த மேசையில் நீங்கள் வைத்தீர்கள், துரை அண்ணன் வைத்தார், கலையரசன் வைத்தார். நான் மற்றவர்கள் வைத்ததற்குப் போட்டுப் பார்ப்பேன், இல்லாவிட்டால் விலகுவேன். நானாக முதலில் வைத்த கை ஒன்றுகூட ஞாபகத்தில் வரவில்லை. நீங்கள் கஞ்சன் என்று எழுதிக்கொண்டே இருந்தேன், நான் பையையே திறந்ததில்லை.

இப்போது வைக்கிறேன்.

எவ்வளவு வைப்பது என்று நாலு நாளாக யோசித்தேன். உங்களால் தாங்க முடிகிற அளவு என்றால், எப்போதாவது எழுதுங்கள் என்று கேட்கலாம். நான் இழந்தாலும் பரவாயில்லை என்கிற அளவு என்றால், ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிறு மாடிக்கு வரட்டுமா என்று கேட்கலாம். இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு எது வேண்டுமோ அந்த அளவு என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் வைக்கவேண்டும் என்று இப்போது படுகிறது.

ஜனவரியில் எனக்கு லீவு. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். லீவு முடிந்து நான் மறுபடி இங்கே வரவேண்டியிருக்கும், ஒப்பந்தத்தில் அதற்குப் பிறகும் ஒரு வருடம் பாக்கி. அதுவரை எனக்காக அங்கே ஒருவர் காத்துக்கொண்டிருக்க வேண்டும். முடித்துவிட்டு வந்தால் திரும்பிப் போகிற தேதி சொல்லாமல் உங்கள் விடுதிக்கு வருவேன். எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, ஜான்சன். நீங்கள் படியில் மணல் பெருக்குவதை, சோழியை எண்ணி எண்ணி வைப்பதை, ஒரு வார்த்தைக்காக அவ்வளவு பாடுபடுவதை, எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. அங்கே இருந்தபோதே பிடித்திருந்தது.

எழுதி முடித்துவிட்டேன், இனி என் கையிலும் ஒன்றும் இல்லை. இதைத்தான் நீங்கள் கூடத்தில் நின்று அனுபவித்தீர்களா? என்னை மன்னித்துவிடுங்கள்.

இரண்டு மாதத்தில் உங்கள் மனசு மாறியிருக்கலாம், அதற்கு நான்தான் காரணம், உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாட்டேன் என்பதாக இருந்தால் மாட்டேன் என்றே சொல்லுங்கள். என்னைப் போல டீ குடிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

ஜெசிந்தா